என் வாயைப் பொத்திய கை

சபையாரே, என்னைப் பேசச் சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். போன பறிப்புக் காலத்தில் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திராது.

வத்தேகமவுக்கு மேலே எங்கள் கோப்பித் தோட்டத்தில், பழம் சிவக்கிற நேரத்தில் எனக்கு மகள் பிறந்தாள். அன்று முதல் மனம் இருண்டுபோனது. சோறு இறங்கவில்லை. குழந்தையைத் தொடவே பயம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராச் சந்தனம்தான் அவளை என் மடியில் பிடித்துப் பால் குடிக்க வைப்பாள். செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

சந்தனமும் புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்து இப்படிக் கிடந்தவள்தான். உபதேசியாரின் மனைவி ஞானம்மாளிடம் போய் அழுது, எல்லாவற்றையும் கொட்டித் தேறிவிட்டாள். அவள் அப்பா தோளிலிருந்து இறக்காமல் வளர்த்த பெண். சும்மாவே வாய் ஓயாது. அவளே என்னையும் கூட்டிப் போனாள்.

ஞானம்மாள் முன்னால் பேச வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பொத்தியது. வேப்பெண்ணெய் வாசம். பட்டப்பகல். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

அது என் அம்மாவின் கை. சின்ன வயதில் நான் அழுதால் அடிப்பாள். அடிபட்டு அழுதால் எண்ணெய்க் கையால் மூச்சு முட்டப் பொத்துவாள். தோட்ட வேலைக்கு மன்னாரிலிருந்து நாங்கள் நடந்து வந்த காட்டுப் பாதையில் வாந்திபேதியில் செத்தாள். புதைக்கும்போதும் நான் அழவில்லை.

ஞானம்மாளிடம் போகும்போதெல்லாம் கை வந்தது. பேய் என்றது லயம். வெள்ளிக்கிழமை என்னை மரத்தில் கட்டி, வேப்பங்குழையால் அடித்துப் பேயைப் பேச வைப்பதாக முடிவானது. என் புருஷனும் தலையாட்டினார். அடி என்றதும் எனக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. மனதுக்குள் ஜெபித்தேன்: "ஆண்டவரே, அந்தக் கையை எடும். இல்லையென்றால் என்னை எடும்."

வெள்ளிக்கு முதல் நாள் ஞானம்மாள் கோப்பி காயும் களத்துக்கு வந்தார். எதுவும் கேட்கவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நா திரும்பி ஒக்காந்துக்கிறேன். ஒம் முதுக எம் முதுகுல சாச்சுக்க."

அப்படியே உட்கார்ந்து கறுத்த கொட்டை பொறுக்கினோம். என் பின்னால் உயிருள்ள ஒரு மனுஷி இருந்தது அன்றுதான்.

கை வந்தது. நடுவே இடமில்லாமல் பக்கத்திலிருந்து வந்து, ஈரமாகக் கன்னத்தைத் தடவிக்கொண்டு வாயைத் தேடியது.

"அம்மா, வலிக்குது" என்றேன்.

கை அப்படியே நின்றது. பிறகு இல்லை.

"யாருக்கும்மா வலிக்குது?" ஞானம்மாள் திரும்பாமல் கேட்டார்.

"எனக்கு. எனக்கு அஞ்சு வயசு."

வெயில் இறங்கும்வரை பேசினேன். எழும்போது அவர் தன் சேலையை முகர்ந்து பார்த்தார். "இது ஏது வேப்பெண்ணெ?" என்றார். எண்ணெயைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

மறுநாள் பூசாரி உடுக்கையோடு வந்தபோது நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நானாக எடுத்து, நானாக. வந்தவருக்குக் கோப்பி கொடுத்து அனுப்பினோம்.

அதன் பிறகும் பல தடவை ஞானம்மாளிடம் போனேன். அடிபட்டு வளர்ந்தவர்களுக்குப் பேச்சு சட்டென்று வராது, சபையாரே. கேட்கிறவர்கள் எழுந்து போய்விடாதீர்கள். பேச வராதவர்கள் ஆண்டவர் கேட்கவில்லை என்று எண்ணாதீர்கள். நாம் வாய் திறக்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை உண்டு.

இதோ, என் மகள் அழுகிறாள். யாரும் உஷ் என்று சொல்லாதீர்கள். அழட்டும். நான் தூக்கிக்கொள்கிறேன்.