தமிழ்ப் பொத்தான்

கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் சுபாஷினிக்கு மட்டும் தொலைபேசி தேவையில்லை. நான்காம் மாடியில் நின்று அவள் "மீன்காரரே!" என்றால் தெருமுனையில் சைக்கிள் நிற்கும். எதிர்வீட்டுக்காரியான என் காது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "கொஞ்சம் மெல்லக் கதையடி பிள்ளை, எனக்கு இன்னும் காது கேக்குது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "மெல்லத்தானே கொன்ஸ்ரன்ஸ் அக்கா கதைக்கிறேன்" என்பாள், அதையும் கத்தித்தான்.

அந்தத் தொண்டைதான் அவர்கள் வீட்டில் சோறு போடுகிறது. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடை வாசலில் மைக்கைப் பிடித்து நாள் முழுக்கத் தமிழிலும் சிங்களத்திலும் ஆட்களைக் கூப்பிடுவது அவள் வேலை. "வாங்கம்மா வாங்க! என்ட நங்கி, என்ட! உள்ள வந்து சும்மா பாருங்க!" சும்மா பார்க்கப் போனவர்கள் பையோடுதான் வெளியே வருவார்கள். நானே அப்படிப் போய்த் தேவையில்லாத நைட்டி வாங்கி வந்தவள்.

புருஷன் புஷ்பராஜ் அதே தெருவில் கைவண்டி இழுத்தவன். மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டே பகிடி விடுகிற ஆள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து அவனுடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு கிளினிக்கைத் தவிர வேறெங்கும் அவன் படி தாண்டவில்லை. கூப்பிட்டால், "கண்ணில்லாதவன் எங்க போயி என்னத்த பாக்குறது அக்கா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். சுபா அவன் முன்னால் அழமாட்டாள். என் குசினிக்கு வந்து அடுப்படியில் நின்று அழுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கண்காட்சி ரயில் வந்தது. நாட்டின் வரலாற்றைப் பெட்டி பெட்டியாக அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகிறார்களாம். முதலில் கோட்டை ஸ்டேஷனில் நிற்குமாம். ஒவ்வொரு பெட்டியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பொத்தான். அமத்தினால் விளக்கம் சொல்லும். சுபாவின் கடைக்கு விளம்பரம் ஒலிப்பதிவு செய்கிறவருக்கு அந்தத் தமிழ் வேலை கிடைத்திருந்தது. வாசிக்க இருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட, அவர் சுபாவைக் கூப்பிட்டார். "புறக்கோட்டையை வாசல்லயே விட்டுட்டு வாங்க, பூ மாதிரிப் பேசுங்க" என்று கெஞ்சினாராம். அவளும் அப்படியே வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

செய்தியைக் கேட்டதும் புஷ்பராஜ் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ஓன் கொரலு ரயில்ல வருமா? அப்ப கேட்டே ஆகணும். கேக்குறதுக்குக் கண்ணு எதுக்கு?" அவள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் மூக்குக்கண்ணாடி நெளிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ஓட்டோவில் போனோம். புஷ்பராஜ் அயன் பண்ணின சேர்ட் போட்டிருந்தான். ஆனால் வழியெல்லாம் அதன் மேல்பொத்தானைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே வந்தான். இது மட்டும் பிழைத்துப்போனால் இவனை இனி யாராலும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முதல் பெட்டியில் பழைய ராசாக்களும் குளங்களும். சுபா அவன் விரலைப் பிடித்துத் தமிழ்ப் பொத்தானில் வைத்தாள். அமத்தினான். சத்தமில்லை. மறுபடியும் அமத்தினான். சிங்களம் கதைத்தது, ஆங்கிலம் கதைத்தது, தமிழ் மட்டும் ஊமை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரயிலையே கவிழ்த்திருப்பேன். அங்கே நின்ற அதிகாரியைப் போய்ப் பிடித்தேன். "அக்கே, டிக்கக் இன்ன, ஹதன்னம்" என்றார் பாவம், கொஞ்சம் பொறுங்கள், சரிசெய்கிறோம் என்று. "எங்கட முறை வந்தால் மட்டும் டிக்கக் இன்ன!" என்று நான் தமிழிலேயே கொடுத்தேன்.

புஷ்பராஜ் விரலை எடுத்துக்கொண்டான். "விடு சுபா. வீட்டுக்குப் போவோம்."

அவள் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. பிறகு அவன் கையை இழுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"எதுக்குப் போறது? நான் என்ன செத்தா போயிட்டேன்? இந்தா, இதுக்குள்ள ராசாவோட வாளு."

"எம்புட்டு நீளம்?"

"உங்க கைவண்டிப் பிடி இருக்குல்ல, அதைவிட ஒரு சாண் கொறைவு. புடியில சிங்க மூஞ்சி. மூஞ்சியப் பாத்தா நம்ம கடை மொதலாளி மாதிரி இருக்கு."

புஷ்பராஜ் சிரித்தான். நான் அவன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்! என்னால் அடக்க முடியவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியுமா? குளத்தைக் காட்டி, "புறக்கோட்டைய முழுசா உள்ள எறக்கினாலும் மணிக்கூட்டுக் கோபுரம் மட்டுந்தான் தெரியும்" என்றாள். தேயிலைப் பெட்டியில் அவள் வாசித்த தாளில் தொழில் தழைத்தோங்கியதாக இருந்ததாம். அதை விட்டுவிட்டு, "இது கொழுந்துக் கூடைங்க. மலையில நம்ம ஆளுங்க தலையில கயிறு மாட்டித் தூக்கினது. தேய்ஞ்ச தடம் இன்னும் இருக்கு" என்றாள். அவன் கண்ணாடியை மெதுவாகத் தடவிப் பார்த்தான். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளோடு வந்த ஒரு முஸ்லிம் தாய், "அக்கா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்" என்றாள். அடக் கடவுளே, யாரிடம் போய் என்ன கேட்கிறாள்!

ரயில்வேப் பெட்டியில் அவள் பழைய கரி எஞ்சினை அவனுக்குச் சொல்லிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் தமிழ்ப் பொத்தானைச் சரிசெய்துவிட்டார்கள் போல, எங்கள் தலைக்கு மேலே ஒலிபெருக்கி உயிர்பெற்றது. "அன்பார்ந்த பார்வையாளர்களே, இங்கே நீங்கள் காண்பது..." பூப்போல ஒரு குரல். சுபா அப்படியே நின்று என் கையைப் பிடித்தாள். இதற்காகத்தானே வந்தோம்! இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்தோம்.

புஷ்பராஜ் நெற்றியைச் சுருக்கினான். "யாருடி இவ, நடுவுல பூந்து கதைக்கிறா? உசுரே இல்லாத கொரலு. அவள நிப்பாட்டச் சொல்லு. நீ சொல்லு."

"அட தம்பி, அது..." என்று நான் வாயெடுத்தேன். சுபா என் கையில் கிள்ளினாள், தோல் கழன்று வந்ததுபோல் எரிந்தது.

"யாரோ ரேடியோக்காரி போலங்க" என்றாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவுமில்லை. மூச்சை இழுத்து, புறக்கோட்டையில் எடுக்கிற அதே சத்தத்தை எடுத்தாள். "இந்தப் பக்கம் வாங்க! எஞ்சினுக்கு மூக்கு கறுப்பு, சக்கரம் செவப்பு!" பொத்தானுக்குள் இருந்த சுபாஷினி பாவம், இவளுக்கு முன்னால் அவள் எடுபடவேயில்லை.

வெளியே வந்ததும் நான் வீட்டுக்குப் போக ஓட்டோவுக்குக் கை காட்டினேன். புஷ்பராஜ் அவள் தோளைத் தட்டினான்.

"காலிமுகத்திடலுக்குப் போவமா சுபா? கடலு இப்ப எப்பிடிக் கெடக்குன்னு சொல்லு, பாப்போம்."