கழுத்துக்குக் கீழே எடுத்த படங்கள்

பார்த்து முடித்த பனியன் கட்டையே மறுபடியும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி சொன்ன பிறகுதான் தெரிந்தது. கம்பெனியில் தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் வேலையில் இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அன்று சாயங்காலம் காய்ச்சல், வலிப்பு. விழுந்தேனாம். விழுந்தேன் என்று எழுத எனக்கு அது நினைவில் இல்லை. இதில் பாதி, மகள் சொல்லி எழுதுவது.

என்செபாலிடிஸ் (மூளை வீக்கம்) என்றார்கள். உயிர் தப்பியது. பழையது எல்லாம் நினைவில் இருக்கிறது. கல்யாணம், மகள் பிறந்தது, துணியில் ஊசி ஓட்டை எங்கே வரும் என்பது. புதிதாக நடப்பதுதான் தங்குவதில்லை. காலையில் போட்ட மாத்திரையை மறந்து, மறுபடியும் போட்டு மயங்கிக் கிடந்தேன். அதிலிருந்து மகள் கல்லூரிக்குப் போகவில்லை. என்னைக் காவல் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

நோயைவிட அதுதான் எனக்கு ஆற்றாமை.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். தினமும் நடப்பதை போனில் படம் எடுக்க வேண்டும். பிரிண்ட் போட்டு, தேதி போட்ட டைரியில் ஒட்ட வேண்டும். போனிலேயே பார்த்தால் படக் கூட்டத்தில் தொலைந்துபோவேன். பக்கம் புரட்டினால் நாள் வரிசை பிடிபடும்.

"டைரியைப் பார்த்து நீங்களே ஒரு வாரத்தைச் சொல்லிட்டீங்கன்னா, பொண்ணு காலேஜுக்குப் போகலாம்" என்றார்.

படம் எடுத்தது என் வீட்டுக்காரர். முதல் பிரிண்ட் மங்கல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் தேயும் என்று ஸ்டூடியோவில் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தது இருட்டு. அதற்கடுத்தது டைரிக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் மறுபடி நடை. கடைசியில் தெளிவாக வந்ததை ஆஸ்பத்திரி போகும் வழியில் வாங்கி, வராந்தாவில் உட்கார்ந்து மகள் அவசரமாக ஒட்டினாள்.

டாக்டரம்மா ஒரு பக்கத்தைத் திறந்தார். "இது யாருங்கம்மா?"

சுடிதார். தோள் தையல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"மீடியம் சைஸுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. படத்தில் இருந்தது அவள்.

எந்தப் படத்திலும் தலை இல்லை. வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் சேம்பிள் செக்ஷனில் வேலை. மாதிரி உடுப்பை ஆளுக்குப் போட்டுப் படம் எடுத்து அப்ரூவலுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். போட்டிருப்பவர் முகம் வரக் கூடாது. வீட்டிலும் கை அப்படியே போயிருக்கிறது.

"இன்னும் கொஞ்ச நாள் பொண்ணு கூட இருக்கட்டும்" என்று டைரியை மூடினார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "ஏனுங்கப்பா, அம்மாகிட்ட அப்ரூவலா வாங்கப்போறீங்க?"

"கை பழகிப்போச்சு கண்ணு."

"அடுத்தாப்ல இன்ச் டேப்பையும் பக்கத்துல வெச்சு எடுங்க."

மறுநாளும் எனக்குக் கோபம் இருந்ததாம். காரணம் மட்டும் நினைவில் இல்லை. இந்த நோயில் அப்படித்தான். நடந்தது போய்விடும், அதன் எரிச்சல் போகாது.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முகமும் இடமும் ஒரே படத்தில் வரட்டும். நாளுக்கு இரண்டு மூன்று போதும். வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், தாளில் இருட்டாகத்தான் விழும். ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். டைரிக் கட்டத்தை அளந்து சொல்லுங்கள். கீழே பெயர் எழுதுங்கள். அலைந்து சலித்து நாங்கள் கையடக்கப் பிரிண்டர் ஒன்றை வாங்கிவிட்டோம். ஒட்டுத்தாளிலேயே படம் உடனே வரும். மாத்திரை போட்டதும் காலி அட்டையோடு என்னையே எடுத்து ஒட்டுகிறேன்.

வீட்டுக்காரர் இப்போது ஒவ்வொரு படத்துக்கும், "தலை வந்துருச்சா புள்ளே?" என்று கேட்டுக்கொள்கிறார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டைரியைப் பார்த்து வாரத்தைச் சொன்னேன். ஊத்துக்குளிக்குப் போனதை இரண்டு தடவை சொன்னேனாம். போகட்டும் என்று விட்டார் டாக்டரம்மா.

கல்லூரிக்குக் கிளம்பிய அன்று மகள் பையோடு வாசலில் நிற்கிற படம் டைரியில் இருக்கிறது. முழு முகம். "காலேஜ். சாயங்காலம் வருவாள்" என்று அவளே எழுதியிருக்கிறாள். பக்கத்தில் மாத்திரைப் படம், ஒன்றுதான்.

அதற்குக் கீழே என் கையெழுத்து. "பத்திரமாகப் போய் வா கண்ணு." அடுத்த வரியிலும் அதுவே. அதற்கடுத்ததிலும். பக்கம் முடிகிற வரைக்கும் அதுவே.

எழுதிய நினைவு எனக்கு இல்லை. டைரியைத் திறந்தபோதெல்லாம் கை எழுதியிருக்கிறது. அந்த ஒரு பகலில் அவளை நான் எத்தனையோ தடவை வழியனுப்பியிருக்கிறேன்.