கார்டில் ஏறிய ஐந்து வயது

எனக்கு ஐம்பத்தெட்டு வயது இல்லை. ஐம்பத்து மூன்றுதான்.

சிரிக்காதீர்கள்! உலகத்தில் எல்லாப் பெண்களும் வயதைக் குறைத்துப் பொய் சொல்வார்கள். நான் ஒருத்தி கூட்டிச் சொன்னவள். அந்தப் பொய்யால் ஒரு மனுஷியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தவளும் நான்தான்.

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட். பதிமூன்று வயதில் என் அம்மா என்னைக் கங்காணியிடம் கூட்டிப் போனாள். பதினெட்டு ஆனால்தான் பேர் பதிவார்கள். "பிள்ளைக்குப் பதினெட்டு ஆச்சு, ஆளு கொஞ்சம் குள்ளம்" என்றாள் அம்மா. அவரும் எழுதிக்கொண்டார். அன்று ஏறிய ஐந்து வயது ரேஷன் கார்டு, ஆதார், பென்ஷன் பேப்பர் எல்லாவற்றிலும் என்னோடு நடந்து வந்தது. உண்மையைச் சொல்லும் ஒரே ஏடு எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம். அதை யார் புரட்டப் போகிறார்கள்?

இந்த வருடம்தான் ஐம்பத்தெட்டு ஆயிற்று என்று ரிட்டயர் ஆக்கினார்கள். மகனுக்கு எஸ்டேட்டில் வேலை கிடைத்ததால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு கைவிட்டுப் போகவில்லை. அப்போதுதான் அந்த வெள்ளை ஜீப் வந்தது...

ஞாயிறு பூசை முடிந்து வருகிறோம். கடைவீதி முக்கில் ஜீப், அதன் மேல் மைக், மைக்குப் பின்னால் கறுகறுவென்று சாயம் பூசிய தலையோடு ஒரு டாக்டர். அவர் எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. மலைமூலிகைச் சூரணமாம், தின்றால் முதுமை போய்விடுமாம்.

என்னைப் பார்த்து, "சேச்சிக்கு எத்ர வயசாச்சு?" என்றார்.

"அம்பத்தெட்டு" என்றேன். வாய் பழகிய பதில்.

அந்த மனிதர் உண்மையாகவே திகைத்துவிட்டார்! ஆதாரை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஆதாரைப் பார்த்தார். தன் சரக்கில் அவருக்கே நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன். மைக்கைப் பொத்திக்கொண்டு, "எந்தா கழிக்குந்நது?" என்றார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கிறாராம்.

"கஞ்சியும் காந்தாரி மிளகாயும்."

"அது வேண்டாம்" என்று ஒரு டப்பாவை என் கையில் திணித்தார். மைக்கைத் திறந்தார். "ஈ சேச்சி மூணு மாசமா நம்ம சூரணம்தான் சாப்பிடுது!"

கைதட்டினார்கள்.

நான் மறுத்திருக்க வேண்டாமா? மறுத்திருக்கலாமே... ஆனால் யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து என் முகத்துக்கு யாரும் கைதட்டியதில்லை. கட்டினவர்கூட நிச்சயத்தன்று என் அக்காவைத்தான் அதிக நேரம் பார்த்தார். நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தச் சிரிப்பில் ஜீப் காலியாகிவிட்டது!

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்தேன். சுக்கு, வெல்லம், கொஞ்சம் ஏலக்காய். ஆயுசெல்லாம் காய் எடுத்தவளுக்குத் தெரியாதா? அதுவும் மூன்றாம் தரக் காய்.

வாங்கியவர்களில் ஒருத்தி புஷ்பம். பள்ளிவாசல் என்ற ஊரிலிருந்து எங்கள் லயத்துக்கு வாழ வந்தவள், கணவனை இழந்தவள். அவளுக்கு ஐம்பத்தைந்து; நிஜத்தில் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கார்டை நம்பி என்னை அக்கா என்பாள். பிள்ளைகள் யாரும் எஸ்டேட்டில் இல்லை. இன்னும் மூன்று வருடத்தில் ரிட்டயர் ஆனால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூப்பாறை ரிசார்ட்டில் தங்க இடத்தோடு துப்புரவு வேலை உண்டு. ஆனால் கிழவிகள் வேண்டாம் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான்.

மீன், கருவாடு, இங்கிலீஷ் மருந்து மூன்றும் கூடாது என்பது சூரணத்துப் பத்தியம்.

"யக்கா, பிரஷர் மாத்திரைய நிறுத்தணுமாமே... நீங்க நிறுத்திட்டியளா?"

"நான் மாத்திரையே போடுறதில்ல புஷ்பம்" என்றேன்.

அது பொய் இல்லை! எனக்குப் பிரஷரே கிடையாது. நான் பேசிய உண்மைகளிலேயே கேடுகெட்ட உண்மை அதுதான்.

அவளும் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் ஏலச்செடிகளுக்கு நடுவில் பிரஷர் ஏறி மயங்கி விழுந்தாள். சேதி கேட்டு ஓடினேன்; எஸ்டேட் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். வழி முழுக்க அவள் தலை என் மடியில். மாதாவே, மாதாவே என்று கத்திக்கொண்டே போனேன். பிழைத்துக்கொண்டாள். ஆனால் மேடு ஏறக் கூடாதாம், வெயிலில் நிற்கக் கூடாதாம். ரிசார்ட் வேலை ஆசையும் போயிற்று.

கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்தாள். ஜீப் டாக்டரைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் என் தப்புக்கா. ஒருநா நாக்கு கேக்காம ஒரு துண்டு கருவாடு தின்னுட்டேன். பத்தியம் கெட்டுப் போச்சு."

ஏமாற்றியவன் வேறு மலைக்குப் போய்விட்டான். இவள் கருவாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்! இப்படி ஆட்கள் இருக்கும்வரை அந்த ஜீப்புக்கு டீசல் தீராது. சொல்லிவிட வாயைத் திறந்தேன். "தூங்கு புஷ்பம்" என்றுதான் வந்தது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமே என்பீர்கள். ஞானஸ்நானப் புத்தகம் அவர் அலமாரியில்தானே இருக்கிறது! அதைப் புரட்டிவிட்டால் என் பென்ஷன் என்ன ஆகும்? பொறாமை, கோபம் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவை நான் எறியவில்லை. தினமும் காலையில் ஒரு கரண்டி... சுக்கும் வெல்லமும்தான் என்று தெரிந்தேதான் தின்கிறேன். தின்றுவிட்டுக் கண்ணாடியும் பார்க்கிறேன்!

நேற்றும் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கினோம். செங்குத்தான படி. மேடேறக் கூடாதவள், நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறவள், என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து இறங்குங்கக்கா. உங்க வயசுக்கு விழுந்தா எலும்பு சேராது."

நான் அவள் கையில் சாய்ந்தபடியே இறங்கினேன்.