தோள் மேல் போட்டு இழுக்கிற பிடி

போன திங்கட்கிழமை காலை ஏழு மணி. போர்ட் பிளேரில் ஒரு லாட்ஜ் ரூம். (ஊருக்குப் பெயர் மாறிவிட்டது, எங்கள் வாய்க்கு இன்னும் மாறவில்லை.) என் அத்தை மகன் செல்வம் கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். வலது கைக்கு ஓய்வு கொடுத்திருந்தான். பத்து மணிக்கு அந்தக் கைக்குப் பரீட்சை!

"நான் போட்டு விடவா?" என்றேன்.

"வேணாம் மச்சான். நீ இதுவரைக்கும் செஞ்சதே போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

என்ன பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன். செல்வம் ஒரு யூனிஃபார்ம் வேலைக்கு மனு போட்டிருந்தான். எந்தத் துறை என்பது வேண்டாமே. எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டம் பாஸ். நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் எல்லாம் பாஸ். பாக்கி இருந்தது மெடிக்கல் மட்டும். அதில் இரண்டு கைகளையும் முன்னால் நேராக நீட்டிக் காட்ட வேண்டும். கைக்குழந்தைகூடச் செய்கிற காரியம்.

செல்வத்தின் வலது கை நீளாது. காரணம் நான்.

இந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மல்யுத்தப் பைத்தியம் இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் எங்கள் ஊர் ரங்கத் மேளாவில் குஸ்திக்கு இறங்கி, ஒரு டிராக்டர் டிரைவரிடம் தோற்ற கதையை எழுதியிருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டுகிற நேரம்கூட ஆகவில்லை... வானம் தெரிந்தது. விழுந்தது வலிக்கவில்லை. "அரே, கதம்!" (அட, முடிஞ்சாச்சு!) என்று மைக்கில் ஒருவர் சிரித்தார் பாருங்கள், அது வலித்தது.

சரி, கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ரங்கத்தில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? கோச் வேண்டுமென்றால் கப்பல் ஏறி மெயின்லேண்ட் போக வேண்டும். நான்தான் படித்தவன் ஆயிற்றே — இன்டர்நெட்டில் தேடினேன்.

கிடைத்தது ஒரு புதையல். ஜெர்மனியில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த மல்யுத்தப் புத்தகங்கள்! அங்கே உள்ள லைப்ரரிகள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இலவசமாகப் போட்டிருக்கின்றன. காலோடு ஒட்டின டவுசரும் கூர்முனைச் செருப்புமாக இரண்டு பேர். ஒருவன் இன்னொருவனின் முழங்காலுக்குப் பின்னால் கால் கோத்துச் சாய்க்கிறான். இடுப்பில் ஏற்றிக் கவிழ்க்கிறான். விரலைப் பிடித்துப் பின்னால் மடக்குகிறான். கீழே விழுந்தவனை எழ விடாமல் அமுக்கி வைப்பதற்கென்றே தனியாகப் பல பக்கங்கள். கத்தியோடு வருகிறவனை வெறுங்கையால் பிடிப்பதும் உண்டு.

அதில் ஒரு விதி என்னைக் கட்டிப் போட்டது. எதிராளி உன்னைவிட பலம் குறைந்தவனா, நீ முந்திக்கொள். சமமா, அவனோடு சேர்ந்து இறங்கு. உன்னைவிட பலசாலியா, பொறு, அவன் வரட்டும். அவன் வருகிற வேகத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பு. எவ்வளவு நியாயம்! டிராக்டர் டிரைவர் மீது நான் முதலில் பாய்ந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் படங்களில் யார் முகத்திலும் வலி இல்லை. கை முறுக்கப்படுகிறவனும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரிதான் நிற்கிறான். அதை அப்போது ரசித்தேன்.

பிடித்துப் பழக ஒரு ஆள் வேண்டுமே? செல்வத்தைக் கேட்டேன். அவனுக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. மெடிக்கலுக்கு இரண்டரை மாதம் இருந்தது. "வா மச்சான், எனக்கும் உடம்பு இறுகும்" என்று வந்துவிட்டான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் நெட்வொர்க் தெரியும்தானே? கேபிள் வந்தது, ஃபைபர் வந்தது என்கிறார்கள். ரங்கத்தில் என் வீட்டுக்கு வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் இறங்க ஒரு டீ குடித்து முடிக்கலாம். அதனால் என்ன செய்தேன்? படம் உள்ள பக்கங்களை மட்டும் இறக்கினேன். முழுக்க எழுத்தாக இருந்த பக்கங்களை விட்டுவிட்டேன். பழைய ஜெர்மன், கோணல் மாணலான எழுத்து. போனில் போட்டால் தட்டுத் தடுமாறி மொழிபெயர்க்கும்தான், அந்த விதியைக்கூட அப்படித்தான் படித்தேன். ஆனால் ஒவ்வொன்றையும் யார் உட்கார்ந்து படிப்பது? படம்தான் தெளிவாக இருக்கிறதே!

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். இரண்டாவது செல்வம், நான் இழுத்து இழுத்துக் கொண்டுவந்தவன். அப்பா, அத்தை, சித்தப்பா யாருக்கும் எழுத்து தெரியாது. கேஸ் சிலிண்டர் ஃபாரம், கப்பல் டிக்கெட், டாக்டர் சீட்டு, தாசில்தார் ஆபீஸ் கடிதம்... எல்லாம் என்னிடம்தான் வரும். "அடியில பொடிசா என்னமோ இருக்கே, அதையும் படிச்சியாய்யா?" என்று அத்தை கேட்பார். படித்திருப்பேன். எல்லோருக்காகவும் பொடி எழுத்து வரைக்கும் படித்திருக்கிறேன்.

எனக்காக என்று வந்தபோது பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆம்குஞ்ச் கடற்கரை மணலில் இறங்கினோம். செல்போன் கடை பிஸ்வஜித் போனைப் பிடித்துக்கொண்டு படம் காட்டினான். அன்றைக்குப் புதுப் பிடி. எதிராளி உன் மார்பைத் தள்ளக் கையை நீட்டுகிறான். நீ அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்று. முதுகைக் காட்டித் திரும்பு. அவன் முழங்கையை உன் தோள் மேல் போட்டுக் கீழே இழு.

"நான் என்ன செய்யணும்?" என்றான் செல்வம்.

"நீ சும்மா கையை நீட்டு. அது போதும்."

"அவ்ளோதானா? இதுக்கு எதுக்குடா ஜெர்மன்காரன்?"

பிஸ்வஜித் சிரித்தான். "தாதா, கரோ கரோ!" என்று, செய்யச் சொல்லி உசுப்பினான்.

செய்தேன். புத்தகத்தில் உள்ளபடியே, வேகமாக, அழகாக. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. செல்வம் மணலில் உட்கார்ந்தான். கத்தவில்லை. கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மச்சான்... இது இந்தப் பக்கம் மடங்காதே" என்றான்.

ரங்கத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் முதல் பஸ். ஃபெரி, காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற கான்வாய்க்குக் காத்திருப்பு, மறுபடி பஸ். பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம் செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நான் அவன் கையைத் தலையணையோடு என் மடியில் வைத்திருந்தேன்.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார்: "கைஸே ஹுவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் சொல்லிவிட்டான். "பேட் ஸே கிர் கயா, சாப்." மரத்திலிருந்து விழுந்துவிட்டானாம்!

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று.

"அம்மாகிட்டயும் அதான் சொல்லப் போறேன். வீட்டுப் பின்னாடி பாக்கு மரம். நீ வாயத் திறக்காத. உன்னைத் தலைமேல வச்சிருக்கு அம்மா. எதுக்கு எறக்கி வைக்கணும்?"

மூட்டு விலகி, எலும்பும் விரிசல் விட்டிருந்தது. மூட்டை ஏற்றி மாவுக்கட்டு போட அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போர்ட் பிளேரில் நெட்வொர்க் நன்றாகவே வருகிறது. அந்தப் படத்துக்கு முந்தின பக்கத்தை, நான் விட்ட எழுத்துப் பக்கத்தை, இறக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்.

இனி வருகிற பிடிகள் நட்புக்கான மல்யுத்தத்துக்கு அல்ல, உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும், இவை கையை ஒடிக்கும், பழகுகிறவனிடம் செய்யாதே. இதுதான் அங்கே இருந்ததன் சாரம். ஒளித்து வைக்கவில்லை. பொடி எழுத்தும் இல்லை. தலைப்பு மாதிரிப் பெரிதாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பக்கத்தையும் பார்த்தேன். அந்தப் புத்தகங்களில் ஒரு பிடிக்குப் பின்னாலேயே அதிலிருந்து தப்பிக்கிற வழியும் இருக்கும். இதற்கும் இருந்தது. தோள் மேல் கை விழும் முன்னால் முழங்கையை மடக்கி, முன்னால் ஓரடி வைத்து, அவன் முதுகோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு சுலபம். செல்வத்துக்கு நான் அதைக் காட்டவே இல்லை. கற்றுக்கொள்ள வந்தவன் நானல்லவா? தோற்க வேண்டியவன் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறான்?

படித்தவர்களின் வியாதி இதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவனிடம் 'நீ சும்மா கையை நீட்டு' என்போம்.

ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அப்புறம் தினமும் சுவர்ப் பரீட்சை. செல்வம் சுவரில் முதுகை ஒட்டி நின்று கையைத் தொங்கவிடுவான். மணிக்கட்டு சுவரைத் தொட வேண்டும். முதல் நாள் இடையில் ஐந்து விரல் நுழைந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அத்தை எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார். நான்கு விரல். மூன்று. அத்தை சாமி படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினார். இரண்டு.

இரண்டிலேயே நின்றுவிட்டது.

நடுவில் ஒருநாள் அத்தை வீட்டுக்குப் போனால், பின்னால் பளிச்சென்று வெளிச்சம். பாக்கு மரத்தைக் காணோம். "என் பிள்ளையத் தள்ளிவிட்ட மரம் எனக்கெதுக்கு?" என்றார் அத்தை. ஆள் வைத்து வெட்டியிருக்கிறார்! நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரம். அடிக்கட்டையில் இன்னும் ஈரம் காயவில்லை. நான் அதன் மேலேயே உட்கார்ந்து அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே போன ஒவ்வொருவனும் போனில் கத்திக்கொண்டோ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டோ வந்தான். செல்வம் சாதாரணமாக வந்தான்.

"என்னடா?"

"கண்ணு நல்லாருக்காம். காது நல்லாருக்காம். பல்லுகூட நல்லாருக்காம்."

"கை?"

"ரெண்டு தடவை நீட்டச் சொன்னாரு. மூணாவது தடவை அவரே மெதுவா இழுத்துப் பாத்தாரு. நல்ல மனுஷன். 'சாரி பேட்டா'ன்னாரு." கொஞ்ச தூரம் நடந்தான். "பசிக்குது மச்சான். பூரி வாங்கிக் குடு."

மேல்முறையீடு உண்டு. வேறொரு டாக்டர் பார்ப்பார், அதே இரண்டு விரல் இடைவெளியைப் பார்ப்பார். அந்த விரல்களை என் கண்ணால் எண்ணியிருக்கிறேன். நம்பிக்கையாக எழுத ஒன்றும் இல்லை, மன்னியுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அத்தை வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். "பெரிய ஆபீசருக்கு ஒரு மனு எழுதுய்யா. மரத்துல இருந்து விழுந்த பிள்ளை, அவன் மேல என்ன குத்தம்னு கேளு. நீ எழுதினா கேப்பாங்க."

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டுச் செல்வம் என்னை வெளியே இழுத்துப் போனான். பத்தியில் எழுதிவிடப் போகிறேன் என்றேன்.

"லூசா நீ? மரம்தான் தள்ளிச்சு. முடிஞ்சுபோச்சு. விடு."

"மரத்தையே வெட்டிட்டாங்கடா."

"அதுக்கு? நீயும் போய் வெட்டுப்படணுமா? என் கை நேராயிருமா?"

நேராகாது. எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனுவை மரத்தின் பெயரில் எழுத என்னால் முடியவில்லை. உண்மையை எழுதினால் அதை அத்தைக்குப் படித்துக் காட்டாமல் அனுப்பவும் முடியாது. மூன்று நாள் யோசித்து, இதை எழுதி முடித்திருக்கிறேன்.

இந்தப் பத்தி வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில், அத்தை வீட்டில் மத்தியானச் சாப்பாடு ஆனதும், அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். "என்னய்யா எழுதியிருக்க, படி" என்பார். அவருக்கு வாசிக்கிற ஆள் நான்தான்.

இந்த வாரமும் வாசிப்பேன். சாப்பிடுவதற்கு முன்னாலேயே.