இரண்டாவது ரிமோட்

சீன பற்றரி ஸ்கூட்டர் விற்கிறவன், காசை வாங்கினதோடு வியாபாரம் முடிந்தது என்று நினைத்தால் அவன் மடையன். வாங்கி ஓட்டுகிற உங்களுக்கும் அது தெரியும். கற்பிட்டி ரோட்டில் கடை போட்ட நாளிலிருந்து நான் படுகிற பாட்டையும் கேளுங்கள்.

சீனத்தி

எங்கள் ஸ்கூட்டருக்குள் ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் நின்று ரிமோட் பொத்தானை அமத்தினால், உள்ளேயிருந்து ஒரு சீனப் பெண் நமக்கு விளங்காத பாஷையில் இரண்டு சொல் சொல்லுவாள். வண்டி ஓட்ட ரிமோட் தேவையில்லை, சாதாரணத் திறப்பைப் போட்டுத் திருகினாலே போதும். பள்ளிவாசலுக்கும் பாண் கடைக்கும் போய்வர ஒன்று வாங்கின ஹாஜியார், வாங்கின சூட்டோடு திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, அவ சொல்றது ஸலாமா இருந்தா, பதில் சொல்லாமப் போறது எனக்குக் குத்தமில்லையா?"

நவாஸின் பெல்ட்

மீன்பிடிக்கிற நவாஸும் பெண்சாதி ரிஸானாவும் சிவப்பு ஒன்று எடுத்தார்கள். பிள்ளையை ஸ்கூலில் விட, கரையிலிருந்து மீன் ஏற்ற, அவ்வளவுதான். கூட வந்த இரண்டு ரிமோட்டில் ஒன்றை நவாஸ் பொலித்தீனில் சுற்றி இடுப்புப் பெல்ட்டுக்குள் வைத்தான். கடலுக்கு இது என்னத்துக்கு என்று சிரித்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வள்ளம் திரும்பும்போது ரிஸானா வண்டியோடு கரையில் நிற்பாளாம்.

"கரை தட்ட முந்தி அமத்துவன் நானா. சீனத்தி கத்தினா நான் வந்திட்டன் எண்டு இவளுக்கு விளங்கும்."

உப்பு

கடல் கொந்தளிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் ஒருநாள் நவாஸ் இல்லாமல் வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. கடலெல்லாம் தேடியும் அவன் மையத்து கிடைக்கவில்லை. புருஷன் மௌத்தானவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து இத்தா கழிக்க வேண்டும் என்று சொந்தக்காரர் ரிஸானாவை நெருக்கினார்கள். அவள் மாட்டேன் என்று நின்றாள். காரணத்தை என்னிடம்தான் கொண்டு வந்தாள். இன்னும் பின்னேரத்தில் கரையில் கொண்டுபோய் நிறுத்துகிற வண்டி தானாகக் கதைக்கிறதாம், அவளுடைய ரிமோட் வீட்டு அலுமாரிக்குள் கிடக்க.

கழற்றிப் பார்த்தேன். வயரெல்லாம் உப்புப் பிடித்துப் பச்சையாய்ப் போயிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. உப்புக் காற்றுத்தான் புள்ள, இப்படிப் பிடித்தால் தானாகவே கத்தும் என்றேன்.

"உப்பு எண்டா விடியக் காலையிலயும் கத்தணுமே நானா? ஏன் அவர் வாற நேரத்துக்கு மட்டும்?"

உம்மா வந்தது

அடுத்ததாக நவாஸின் உம்மா தனியே வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"அத ஊமையாக்கித் தா மகன். அவ இத்தா இருந்தாத்தான், என்ட புள்ள மௌத்தாப் போனான் எண்டு எனக்கு அழ ஏலும்."

புதுப் பெட்டி

ஊமையாக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பெட்டியையும் வயரையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிது பூட்டினேன். புதுப் பெட்டி அதன் புது ரிமோட்டுக்குத்தான் பதில் சொல்லும், பழையது எந்தக் கடலில் கிடந்தாலும் பலிக்காது. புது ரிமோட் இரண்டையும் என் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். இனி வண்டி வாய் திறக்காது, அவளும் உண்மையை ஒத்துக்கொள்வாள், அந்த உம்மாவும் அழுது முடிப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் பொழுதுபட்டு மஃரிபுக்குக் கடை சாத்தப் போகிறேன், வாசலில் ரிஸானா. அவள் வாய் திறக்குமுன்னே ஓடிப்போய் லாச்சியைத் திறந்தேன். இரண்டு ரிமோட்டும் வைத்தபடியே கிடந்தன. யா அல்லாஹ் என்று திரும்ப ஒருதரம் எண்ணிப் பார்த்தேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் அழவில்லை. கொஞ்சம் களைத்திருந்தாள்.

"இண்டைக்குக் கரையில இல்ல நானா, எங்கட வீட்டுக் கேட்டடியில கதைச்சிச்சி. நான் இப்ப இத்தா இருக்கிறதா, அவருக்குச் சோறு ஆக்குறதா?"

சீனாச் சாமான் கனநாள் வேலை செய்யாது என்று இப்போது யாராவது கடையில் வந்து குறை சொன்னால், அல்லாஹ் அப்படியே ஆக்கட்டும் என்று நானும் ஆமீன் சொல்லிவிடுகிறேன்.