இடது கட்டைவிரல்

முதலில் வந்தது என் கழுத்தில் ஓர் அரிப்பு. சில மாதங்கள் கழித்து என் கணவரின் வலது கட்டைவிரலில் வலி வந்தது. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அது நான் இல்லை.

நான் சரவணம்பட்டியில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களின் கையில் நரம்பு தேடுவது என் வேலை. ஆளைப் பார்த்தே சர்க்கரையா, தைராய்டா என்று பாதி சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகத்தான் என் கதையும் ஆனது.

என் கணவர் ஜெபராஜ் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கீபோர்டு வாசிப்பார். குடி இல்லை, சிகரெட் இல்லை, குரலை உயர்த்திப் பேசியது இல்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் என்னைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

கழுத்தில் சங்கிலி படும் இடமெல்லாம் சிவந்து தடித்தது. வியர்த்தால் எரிந்தது. வெயில் காலம் என்று நினைத்தேன். சோப்பை மாற்றினேன். கத்தரிக்காயையும் கருவாட்டையும் விட்டேன். என் இரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் இயோசினோஃபில் (ஒவ்வாமையிலும் குடற்பூச்சியிலும் கூடும் ஒருவகை வெள்ளணு) கொஞ்சம் கூடியிருந்தது. பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஜெபராஜ் தினமும் களிம்பு தடவிவிட்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், கொக்கி தளர்ந்திருக்கிறது என்று அவரே அந்தச் சங்கிலியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, பாலிஷ் போட்டு வாங்கிவந்திருந்தார். அந்த அக்கறையைப் பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிறகு அவருக்குக் கட்டைவிரல். டம்ளரைத் தூக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நான் சும்மா இருப்பேனா? யூரிக் ஆசிட், சர்க்கரை, முடக்குவாதக் காரணி என்று இருக்கிற பரிசோதனைகளையெல்லாம் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அந்த அறிக்கைகளை ஒரு கவரில் போட்டுக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர் அவற்றைத் திறக்கவே இல்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி மணிக்கட்டைக் கீழே சாய்த்தார். ஜெபராஜ் "ஆ" என்றார். டீனோசைனோவைட்டிஸ் (தசையை எலும்போடு கட்டும் நாணைச் சுற்றிய உறை வீங்கிக்கொள்வது) என்றார் மருத்துவர்.

"என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"ஸ்டோர்ஸ்லீங்க டாக்டர். சர்ச்சுல கீபோர்டு வாசிப்பேனுங்க."

"அப்ப அதாத்தான் இருக்கும்."

ஒரு ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தை அடக்கும் மருந்து) போட்டார். ஸ்பிளிண்ட் (விரலை அசையவிடாமல் பிடிக்கும் கட்டு) மாட்டிவிட்டார். கொஞ்ச நாள் வாசிக்க வேண்டாம் என்றார்.

நான் சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் அந்த விரலில் எண்ணெய் பூசி ஜெபித்தார். வலி போய்விட்டது. எங்கள் சபையில் ஜெபம் கேட்கப்பட்டால் எழுந்து சாட்சி சொல்லியாக வேண்டும். அடுத்த வாரமே மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்காரர் கையைக் கர்த்தர் தொட்டாருங்க" என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். ஜெபராஜ் தலையைக் குனிந்து ஸ்பிளிண்டின் பட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் இடது கட்டைவிரலும் வலித்தது.

இந்த முறை மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "வலது கைக்குக் கட்டுப் போட்டாச்சு. கீபோர்டும் வாசிக்கலை. அப்புறம் ஓய்வுல இருந்த மனுசனுக்கு இடது கை எப்படீங்க வீங்குது?"

"தெரியலீங்க டாக்டர்."

"ஃபோன் ரொம்பப் பார்ப்பீங்களா?"

"பைபிள் படிப்பேனுங்க. ஃபோன்லதான்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "பைபிள் படிக்கறவங்க இங்கயும் வர்றாங்க. அவங்க பக்கத்துக்கு ஒருக்காத் தள்ளுவாங்க. இது அப்படி இல்லீங்க. நாள் பூரா, ஒரே விரல்ல, வேகமாத் தள்ளியிருக்கீங்க. என்ன ஆடறீங்க?"

ஜெபராஜ் என்னைப் பார்க்கவில்லை. "ரம்மிங்க" என்றார்.

"காசு வெச்சா?"

ஜெபராஜ் தலையை ஆட்டினார். மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, விரலுக்கு நான் பாத்துக்கறேன். இதுக்கு வேற டாக்டரைப் பாருங்க." திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. அதற்கு அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

மருத்துவமனையின் வண்டி நிறுத்தும் இடத்தில், எங்கள் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடி ஜெபராஜ் சொன்னார். வலது கைக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்து இடது கையால் ஆடியிருக்கிறார். சம்பளத்தின் மேல் கடன், நண்பர்களிடம் கடன், ஃபோனிலேயே கிடைக்கும் வட்டிக் கடன். பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகளின் காலேஜுக்காகப் போட்டிருந்த டெபாசிட்டும் போயிருந்தது. இவ்வளவையும் ஸ்டோர்ஸ் இருப்பைப் படிப்பது போல வரிசையாகச் சொன்னார். நானும் வரிசையாகக் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில், "உன் கழுத்து..." என்றார்.

"என் கழுத்துக்கு என்ன?"

"அது கவரிங், ஷீலா. தங்கத்த வித்துப்போட்டேன். தாலியத் தொடலை. சங்கிலி மட்டுந்தான்."

தாலியைத் தொடாததற்கு நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. என் கழுத்தில் இருந்தது காண்டாக்ட் டெர்மடைடிஸ் (ஒத்துக்கொள்ளாத பொருள் தோலில் பட்டு வரும் அழற்சி). மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருந்த உலோகம் பட்டிருக்கிறது. கடன் எவ்வளவு என்று கேட்டபோது வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"நான் பூச்சி மாத்திரை தின்னேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? தண்ணி மொண்டு குடுத்ததே நீங்கதான!"

வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். நான் சங்கிலியிலிருந்து தாலியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன். பிறகு அதே ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

விஷயம் தெரிந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து என் அம்மா ஃபோனில் அழைத்தார். "பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்துரு கண்ணு. ஊடு இருக்குது, நானும் இருக்கறேன். ஆரு என்ன சொல்லிருவாங்க?"

போவதா, இருப்பதா என்பதுதான் அதன் பிறகு எனக்கிருந்த ஒரே கேள்வி. கல்யாணத்தில் பீடத்தின் முன் நின்று நான் கொடுத்த வாக்கில் வியாதி இருந்தது, வறுமையும் இருந்தது. பொய்யிலும் கூட இருப்பேன் என்று இல்லை. இது வியாதி என்றால் நான் இருந்தாக வேண்டும். பொய் என்றால் மேட்டுப்பாளையம் பஸ் அடிக்கடி உண்டு. அதை யார் தீர்மானிப்பது?

மனநல மருத்துவரிடம் அதையே கேட்டேன். அவர் என் வயதுப் பெண். சூதாட்டக் கோளாறு (நட்டம் தெரிந்தும் நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டே இருக்கும் மனநோய்) என்று சொல்லியிருந்தார்.

"நோய்னு ஒரு பேரு வெச்சுட்டா இவர் தப்பிச்சுக்குவாருங்களா?" என்றேன்.

"இல்லீங்க. சர்க்கரை வியாதி வந்தது ஒருத்தர் குத்தம் இல்லை. ஒளிச்சு வெச்சு மைசூர்பாகு தின்னா அது அவர் பொறுப்பு. இவருக்கு ரெண்டும் இருக்கு. நோயை நான் பாக்கறேன். பொறுப்பை அவர் பாக்கணும். இருக்கறதா போறதான்னு நீங்க இன்னைக்கே முடிவு பண்ண வேண்டாங்க."

ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று எழுதினார். வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை (ஆடத் தூண்டும் எண்ணத்தை வரும்போதே பிடித்து, அதன் வழியை மாற்றப் பழகுவது). பட்டன் ஃபோன். சம்பளம் என் கணக்குக்கு. தினமும் யாராவது ஒருவர் கேட்க, அன்று ஆடினாரா இல்லையா என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஜெபராஜ் அதற்கு எங்கள் குடும்ப ஜெபத்தைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் மாதத்தில் அவருக்குத் தூக்கம் இல்லை. சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வந்தது. பிரசங்கம் கேட்கும்போதும் அவருடைய கட்டைவிரல் பாட்டுப்புத்தகத்தின் அட்டையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அவருக்கே அது தெரியாது. நான் பிரசங்கத்தை விட்டுவிட்டு விரலைப் பார்ப்பேன்.

மாலையில் ஜெபம் முடியும் நேரத்தில், "ஆண்டவரே, இன்னைக்கு ஆடலை" என்பார். மகள் "ஆமென்" என்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆமென் என்றால் அது உண்மை, அப்படியே ஆகட்டும் என்று கையெழுத்துப் போடுவது. உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பரிசோதிக்க இரத்தத்தில் ஒன்றும் இல்லையே. அறுபது எழுபது மாலைகள் அப்படிப் போயின. "அம்மா, நீ மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கற?" என்று மகள் கேட்டாள். தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை.

இதற்குள் விஷயம் சபைக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் பயந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். "தம்பி, அறுப்பின் பண்டிகை அன்னைக்கு நீங்க விடுதலை சாட்சி சொல்லுங்க. இதே கஷ்டத்துல இருக்கற குடும்பங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். ஜெபராஜ் சரி என்றார். அவர் முகத்தில் பல மாதங்கள் கழித்து ஒரு வெளிச்சம். நான் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்டிகைக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை காலை. பரிசோதனைக் கூடத்தில் நல்ல கூட்டம். ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரிசையில் ஜெபராஜ். கம்பெனிச் சட்டையோடு, தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.

"ஷீலா, நேத்து மத்தியானம் ஆடிப்போட்டேன். பாப்பா ஃபோன்ல. சாட்சில என்ன சொல்றதுன்னு நெனைக்க நெனைக்க உள்ளுக்குள்ள ஒரே படபடப்பு. நேத்து ஜெபத்துல சொன்னது பொய்யி."

பெரியவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஊசி ஒரே குத்தில் நரம்புக்குள் போனது. "அப்படி உக்காருங்க. முடிச்சுட்டு வாரேன்" என்றேன். வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களுக்கு நடுவில் அவர் போய் உட்கார்ந்தார்.

மறுவீழ்ச்சி (குணமாகி வரும் வழியில் நோய் திரும்புவது) வரலாம் என்று மனநல மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். சொல்லிக் கேட்டிருந்தது அப்போது உதவவில்லை. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், அந்தக் காலை உங்களுக்கும் வரலாம். வந்தால் கொஞ்ச நேரம் வேறு ஏதாவது வேலையைச் செய்யுங்கள். நான் அன்று கூட்டம் குறையும்வரை இரத்தம் எடுத்தேன். ஒவ்வொரு முறை நிமிர்ந்தபோதும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மற்றதையெல்லாம் ஒரு டாக்டர் கண்டுபிடித்த பிறகுதான் அவர் சொன்னார். இதை மட்டும் அவராக வந்து சொன்னார். அது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது.

மதியம் போதகருக்கு ஃபோன் போட்டேன். "ஐயா, இந்த வருசம் சாட்சி வேண்டாமுங்க. ரிசல்ட் இன்னும் வரலீங்க."

"சரிம்மா. வர்றப்ப வரட்டும்" என்றார்.

அன்று மாலை ஜெபத்தில் உட்கார்ந்தோம். மகள் பாடினாள். ஜெபராஜ் கண்ணை மூடினார். "ஆண்டவரே, நேத்து ஆடினேன். ஆடலைன்னு உம்மகிட்டயும் இவங்ககிட்டயும் பொய் சொன்னேன்" என்றார். மகள் ஆமென் சொல்லவில்லை.

நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. அத்தனை மாதங்களில் அவர் ஜெபத்தில் சொன்னவற்றுள் இது உண்மை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த முதல் வாக்கியம் அது. மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஜெபராஜ் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தோசை மாவு பொங்கியிருக்கும் என்று ஞாபகம் வந்து எழுந்துபோனேன்.

கழுத்து ஆறிவிட்டது. சங்கிலி இருந்த இடத்தில் மட்டும் நிறம் கறுத்து ஒரு வட்டம் இருக்கிறது. மங்க நாளாகும் என்று தோல் மருத்துவர் சொல்கிறார். தாலி இன்னும் பீரோவில் இருக்கிறது. அவர் சங்கிலி வாங்கித் தருவதாகச் சொல்லும்போதெல்லாம் டெபாசிட்டை முதலில் போடுங்கள் என்கிறேன். அவர் இரண்டு கைகளாலும் மறுபடி வாசிக்கிறார். மேட்டுப்பாளையத்துக்குப் பண்டிகைக்கு மட்டும் போய்வருகிறோம்.

மேட்டுப்பாளையத்துக்கே போய்விடுவதா என்ற கேள்விக்கு மொத்தமாக ஒரு பதிலை நான் இன்னும் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் எந்த முடிவும் இரத்தம் எடுத்த அந்த நாளுக்குத்தான் பொருந்தும். நாளைக்கு வேறு இரத்தம், வேறு முடிவு. முன்பெல்லாம் காலத்தை வருடமாகப் பார்ப்பேன்: மகளின் காலேஜ், அவருடைய ஓய்வு, சொந்த வீடு. இப்போது எனக்கு மாலைவரைக்கும்தான் கண் போகிறது.

இதை எழுதும்போது மதியம் மூன்று மணி. மகள் இன்னும் வரவில்லை, அவரும் வரவில்லை. இன்று ஜெபத்தில் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும், சொல்லும்போது அந்தக் கட்டைவிரல்களைப் பார்ப்பேன். பிறகு ஆமென் சொல்வதா என்று முடிவு செய்வேன்.