கப்ளரில் வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "காலை 10.15. அத்தான் ஹோஸைச் சரியாகப் பூட்டவில்லை. அச்சக முதலாளிக்கு முழங்காலில் அடி." மணி சரி. அடியும் சரி. நடுவில் உள்ள வாக்கியம் பொய்.

அத்தான் என் அக்காவின் கணவர். சிவகாசி அச்சகம் ஒன்றில் முப்பது வருடம் இயந்திரங்களைப் பராமரித்தவர். அதை மூடிய பிறகு வேலையில்லாமல் இருந்தார். விருதுநகரில் எனக்குத் தெரிந்த அச்சக முதலாளி ஒருவர், காலண்டர் சீசனுக்குள் ஒரு ஃபிட்டர் வேண்டுமென்று, அத்தானின் கைவேலையைப் பார்க்க என் வீட்டுப் பட்டறைக்கே வந்தார். அத்தான் சலவைச் சட்டையில் இருந்தார். "என்ன மாப்ளே, மொதலாளிய பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்ல உக்கார வச்சிருக்கீக!" என்று சிரித்தார்.

காற்றடிக்கும் கம்ப்ரஸரின் வாயில், ஹோஸை இணைக்க ஒரு பித்தளை கப்ளர் உண்டு. அதன் வளையத்தைப் பின்னால் இழுத்து ஹோஸின் முனையைச் செருகினால், வளையம் டக்கென்று முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும். முந்தைய நாள் பூஜையில் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்த நான், அந்த வளையத்திலும் தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தேன். அது இடுக்கில் காய்ந்து இறுகிவிட்டது. கம்ப்ரஸர் இரைச்சலில் டக்கென்ற சத்தம் வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தான் வால்வைத் திறந்ததும் ஹோஸ் கழன்று சாட்டைபோலச் சுழன்றது. முதலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

ஓடிப்போய் வால்வை மூடினேன். வளையம் பாதியில் நின்றிருந்தது. இடுக்கில் காய்ந்த சந்தனக் கட்டி. வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "அத்தானுக்குக் கை முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி. வயசாகுதுல்ல."

அத்தான் தன் விரல்களை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். முதலாளி காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். வேறு ஆளை வைத்துக்கொண்டார். அத்தான் இப்போது காரியாபட்டியில் ஒரு மிளகாய்க் கடையில் சாக்குத் தைக்கிறார்.

புத்தகங்களில் ஆண்டு தவறாக அச்சாகியிருந்தால் பதிப்பகங்களுக்குக் கடிதம் போடுகிறவன் நான். என் கையெழுத்திலிருந்த தவறை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

இந்த ஆண்டு பூஜைக்கு அக்காவோடு அவரும் வந்தார். சந்தனக் கிண்ணத்தோடு நான் கம்ப்ரஸர் பக்கம் குனிந்தபோது, தோளில் கிடந்த துண்டை எடுத்து கப்ளரை மூடினார். "இதுக்கு மட்டும் வேண்டாம் மாப்ளே. மத்ததுக்கு எம்புட்டு வேணாலும் வைங்க."

பழைய வாக்கியத்தை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருக்கிறேன்: சந்தனம் வைத்தது நான். துடைத்ததும் நான். துடைத்ததை அவர் பார்த்தாரா என்பது இன்னும் உறுதியாகவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.